டிரங்குப் பெட்டியின் சாவி

பெரியப்பாவைக் குளிப்பாட்டும்போதுதான் அந்தச் சாவி வெளியே வந்தது.

முக்கூடலுக்குப் பக்கத்தில் ஆற்றங்கரையை ஒட்டிய ஊர் எங்களுடையது. ஆற்றுக்குப் போய் நீர்மாலை எடுத்து வந்து, வாசலில் பெஞ்சைப் போட்டு உட்கார வைத்துத் தண்ணீர் ஊற்றினார்கள். அரைஞாண் கயிற்றை அறுத்ததும் கயிற்றோடு சேர்ந்து ஒரு சின்னப் பித்தளைச் சாவி தரையில் விழுந்தது. அத்தான் அதை எடுத்துக் கழுவி, வேட்டி நுனியில் துடைத்து, உள்ளே கொண்டுபோய்ப் பெரியம்மாவிடம் கொடுத்தார். சுற்றிலும் பெண்கள் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். பெரியம்மா மட்டும் அழுகையை நிறுத்திவிட்டுச் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது அந்தப் பெட்டிச் சாவில்லா" என்றாள்.

அந்தப் பெட்டி எங்கள் எல்லாருக்கும் தெரியும். கறுப்பு டிரங்குப் பெட்டி. மூடியில் வெள்ளை பெயிண்டில் அவருடைய ராணுவ எண்ணும் பெயரும். பெரியப்பா 1974-ல் பெங்களூரில் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் பிரிவில் சேர்ந்து, 1997-ல் ஹவில்தாராகப் பென்ஷனில் வந்தவர். அவரோடு ரயிலில் வந்த பெட்டி அது. கட்டிலுக்கு அடியில் 27 வருஷம் கிடந்தது. சின்னப் பிள்ளையில் நாங்கள் அதன் மேல் உட்கார்ந்தால்கூட அதட்டுவார். பெரியம்மாவும் அதைத் திறந்து பார்த்ததில்லை. "தொடப்பிடாதுன்னு சொல்லிருக்காவ" என்பாள், அதற்கு மேல் பேச்சு கிடையாது.

பிறகு எட்டு ஒன்பது மாதம் நான் அந்தப் பெட்டியோடுதான் அலைந்தேன். அண்ணனுக்கு, அதாவது பெரியப்பா மகனுக்கு, சென்னையில் வேலை. திருநெல்வேலியில் இருப்பது நான். அதனால் கலெக்டர் ஆபீஸ் பக்கம், வங்கி, இ-சேவை என்று எல்லாம் என் தலையில் விழுந்தது. எங்கள் தெருவிலேயே ஏழு பட்டாளத்து வீடு உண்டு. அந்த ஏழு வீட்டிலும் இப்படி ஒரு பெட்டி இருக்கும், அதன் சாவி யாரோ ஒருவர் இடுப்பில் இருக்கும் என்ற நினைப்பில்தான் இதை எழுதுகிறேன்.

கொடி விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். துட்டி வீட்டில் முதல் சண்டை அதற்குத்தான் வந்தது.

அண்ணன் சென்னையில் இருந்து வந்து சேர இரவாகிவிட்டது. மறுநாள் காலையில் தெருப் பையன்கள் எங்கிருந்தோ பெரிய தேசியக் கொடி ஒன்றை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். டிவியில் பார்ப்பது அப்படித்தானே. ஐஸ் பெட்டியின் மேல் விரிக்கப் போனவர்களைக் கைநீட்டித் தடுத்தவர் தெருக்கோடி வீட்டு சுபேதார் மாமா.

"வேண்டாம்யா, எடுத்திருங்க. அவருக்கு அது கிடையாது."

அண்ணனுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "எங்கப்பா நாட்டுக்கு உழைக்கலையா மாமா?"

"நானுந்தான் உழைச்சேன். எனக்கும் கிடையாது."

அந்த நேரத்தில் எனக்கும் அவர் மேல் வருத்தம்தான். பிற்பாடு படித்துப் பார்த்தேன், அவர் சொன்னது சரி. 2002-ஆம் வருஷத்து இந்தியக் கொடி விதிகளின்படி, அரசு மரியாதையோடு நடக்கும் இறுதிச் சடங்கு, ராணுவம் அல்லது துணை ராணுவப் படை நடத்தும் இறுதிச் சடங்கு தவிர வேறு எதற்கும் தேசியக் கொடியைப் போர்த்தக் கூடாது. நாமாகப் போர்த்தினால் 1971-ஆம் வருஷத்து தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டப்படி அது குற்றம். முறைப்படி போர்த்தும்போதும் காவி நிறம் தலைமாட்டுப் பக்கம் வர வேண்டும். கொடியைக் குழிக்குள் இறக்கக் கூடாது, சிதையோடு எரிக்கக் கூடாது. பணியில் இருக்கும்போது உயிர் விட்டவருக்குக் கொடி, குண்டு முழக்கம், உடலை ஊர் கொண்டுவந்து சேர்ப்பது எல்லாம் படையின் பொறுப்பு. பென்ஷனில் வந்து, 27 வருஷம் வயலில் தண்ணீர் பாய்ச்சி, சர்க்கரை வியாதியில் போன ஹவில்தாருக்கு அப்படித் தானாக வருவது எதுவும் இல்லை.

உடலை ஊர் கொண்டுவருவது என்றேன், அதுவும் இன்றைக்கு நினைப்பதுபோல எப்போதும் இருந்ததல்ல. 1999 கார்கில் சண்டையின்போதுதான் வீரர்களின் உடலை அவரவர் ஊருக்கு அனுப்புவது வழக்கமானது. அதற்கு முன்பு பெரும்பாலும் சண்டை நடந்த இடத்துப் பக்கமே எரியூட்டிவிடுவார்கள். எங்கள் பக்கத்து ஊரில் ஒரு ஆச்சி இருந்தாள். அமைதிப்படையில் யாழ்ப்பாணம் போன கணவன் 1987-ல் இறந்தபோது அவள் வாசலுக்கு வந்தது ஒரு பெட்டியும் கலசமும்தான். அவள் கடைசிவரை அவரைச் செத்தவர் கணக்கில் சேர்க்கவில்லை. முகத்தைப் பார்க்காமல் எப்படி நம்புவது?

சரி, சுபேதார் மாமா தடுத்ததோடு நிற்கவில்லை. போன் போட்டார். ஒரு மணி நேரத்தில் முன்னாள் படைவீரர் சங்கத்தில் இருந்து நாலு பேர் வந்தார்கள். தலையில் பழைய பெரே தொப்பி. பீரோவில் இருந்து அப்போதுதான் எடுத்திருப்பார்கள்போல, பக்கத்தில் போனால் அந்துருண்டை வாசனை. ஒருவருக்குக் காலில் ஆறாத புண், பூட்ஸ் போட முடியாமல் ரப்பர் செருப்போடு வந்திருந்தார். பெரியப்பாவின் காலடியில் மலர்வளையம் வைத்துவிட்டு நாலு பேரும் வரிசையில் நின்றார்கள். சுபேதார் மாமா அடித்தொண்டையில் ஏதோ ஒரு சொல் சொன்னார். இந்திச் சொல்லாக இருக்க வேண்டும். எல்லாக் கையும் ஒன்றாக நெற்றிக்குப் போயிற்று. சங்கு ஊதிக்கொண்டிருந்தவர் அவராகவே நிறுத்திவிட்டார். தெருவில் அப்படியொரு அமைதி. ரப்பர் செருப்புக்காரர் கையை எல்லாரையும்விடத் தாமதமாக இறக்கினார்.

அண்ணன் அப்போதுதான் உடைந்து அழுதான்.

அண்ணனின் மைத்துனர் அமெரிக்காவில் டெக்சாஸில் இருக்கிறார். அங்கே முன்னாள் ராணுவத்தாருக்குத் தேசியக் கல்லறைத் தோட்டத்தில் இலவசமாக இடம், பெயர் பொறித்த கல், கொடி எல்லாம் அரசாங்கம் கொடுக்கும் என்று அன்று மாலையே வாட்ஸாப்பில் எழுதினார். கணவன் பக்கத்திலேயே மனைவிக்கும் இடம் உண்டாம். 2000-ஆம் வருஷத்தில் இருந்து, குடும்பம் கேட்டால் சீருடையில் குறைந்தது இரண்டு பேர் வந்து கொடியை மடித்துக் கொடுக்க வேண்டும் என்பது சட்டமே. நல்ல விஷயம்தான். ஆனால் துட்டி வீட்டு வாசலில் உட்கார்ந்துகொண்டு அதைப் படிக்கும்போது, பக்கத்து வீட்டுக் கல்யாண விருந்தைப் பற்றி யாரோ சொல்லக் கேட்பது மாதிரி இருந்தது. நம்முடையது காகித வழி. இங்கே மரியாதையானாலும் பணமானாலும் நாம் போய்க் கேட்க வேண்டும், கேட்பதற்குக் கையில் தாள் இருக்க வேண்டும்.

காடாற்று முடிந்த அன்று மத்தியானம் பெட்டியைத் திறந்தோம். மேலே மடித்த பச்சைச் சட்டை. அதற்கு அடியில் ஒரு சுருக்குப் பையில் மெடல்கள். பெரியம்மா பீடிக்கடைக் கணக்கு நோட்டுத் தாளில் எழுதிப் போட்ட கடிதங்கள், ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டாக இருந்தன. அதைப் பார்த்ததும் அவள் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள், யாருக்கும் காட்டவில்லை. அடியில் டிஸ்சார்ஜ் புக், பிபிஓ எனப்படும் பென்ஷன் ஆணையின் நாலைந்து நகல்கள், கேண்டீன் கார்டு, ஈசிஎச்எஸ் மருத்துவ அட்டை, பழைய பாஸ்புக்குகள். எல்லாம் ஒழுங்காக, பிளாஸ்டிக் உறையில். மனிதர் கவனமானவர்தான், எதையும் தொலைக்கவில்லை. இதில் எது எதற்கு என்று வீட்டில் ஒருவருக்கும் சொல்லி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

நாங்கள் செய்த முதல் தப்பு ஏடிஎம்மில். பெரியப்பா இறந்தது 2024 பிப்ரவரி 19. மாதக் கடைசியில் வழக்கம்போல முழுப் பென்ஷனும் கணக்கில் வந்து விழுந்தது. பதினாறாம் நாள் விசேஷம் நெருங்குகிறது. பந்தல், சமையல், சொந்தக்காரர்களுக்கு வேட்டி சேலை. பின் நம்பர் பெரியப்பா மகள், எங்கள் அக்காவுக்குத் தெரியும். போய் எடுத்துவிட்டாள். எங்கள் பக்கம் பத்து வீட்டில் ஒன்பது வீட்டில் இதைத்தான் செய்வார்கள். ஆனால் கணக்கு வேறு. இறந்த நாள்வரைக்கும்தான் அவருடைய பென்ஷன், மறுநாளில் இருந்து மனைவிக்குக் குடும்பப் பென்ஷன். ஆக அந்த மாதம் வந்ததில் 10 நாள் பணம் அவருடையது அல்ல. பிறகு அதைப் பிடித்தம் செய்தார்கள். தொகை சின்னதுதான், ஆனாலும் "இறந்தவர் கணக்கில் பணம் எடுத்தது யார்?" என்று வங்கி மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்து ஒருவர் கேட்டபோது பெரியம்மாவின் முகம் போன போக்கை நான் மறக்க மாட்டேன்.

இறந்த தகவலைச் சொல்ல வேண்டிய இடம் இப்போது வங்கி மட்டும் அல்ல. முன்பு வங்கிகள் வழியாகப் பட்டுவாடா ஆன ராணுவப் பென்ஷன் இப்போது ஸ்பர்ஷ் என்ற கணினி முறைக்கு மாறியிருக்கிறது. பிரயாக்ராஜில் இருக்கும் ராணுவப் பென்ஷன் கணக்கு அலுவலகம் நேராகக் கணக்கில் போடுகிறது. அந்த இணையதளத்தில் பென்ஷன்தாரர் இறந்ததைப் பதிவு செய்ய வேண்டும். இறப்புச் சான்றிதழை அதில் ஏற்ற வேண்டும். கூடவே அவர் வேலை பார்த்த படைப்பிரிவின் ஆவணக் காப்பகத்துக்கும் எழுதிப் போடுவது நல்லது. பெரியப்பாவுக்கு அது பெங்களூரு. மெட்ராஸ் ரெஜிமென்ட்காரர்களுக்கு வெலிங்டன். இதை நாங்கள் செய்தது மார்ச் கடைசியில்.

இறப்புச் சான்றிதழ் கிராமத்தில் விஏஓ மூலம் பதிவாவது. 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. 30 நாள் தாண்டினால் அனுமதி வாங்க வேண்டும், ஒரு வருஷம் தாண்டினால் இன்னும் சிக்கல். நேரத்தில் நாங்கள் தவறவில்லை, பெயரில்தான் கோட்டைவிட்டோம். ஊரில் எல்லாரும் கூப்பிடும் பெயரைச் சொல்லிப் பதிந்துவிட்டோம். பட்டாளத்தில் அவர் பெயருக்குப் பின்னால் அப்பா பெயரும் சேர்ந்து இருந்தது. அதைத் திருத்த மூன்று தடவை நடந்தோம். துட்டி வீட்டில் பதற்றத்தில் இருக்கும்போது, விஏஓவிடம் போகிறவர் கையில் பிபிஓ நகல் ஒன்றைக் கொடுத்து "இதில் இருக்கிறபடியே எழுதச் சொல்லு" என்று அனுப்ப ஒரு ஆள் வேண்டும். அந்த ஒரு வாக்கியம் எங்களுக்கு இரண்டு மாதத்தை மிச்சப்படுத்தியிருக்கும்.

பெரியப்பா பெயராவது பரவாயில்லை. பெரியம்மா பெயர்தான் எங்களைப் படுத்தியது.

பெரியம்மாவுக்குக் குலசாமிப் பெயர். 1981-ல் கல்யாணம் ஆனதும் பெரியப்பா அதைப் படையில் பதிந்திருக்கிறார். அங்கே எழுதிய ஹவில்தார் கிளார்க் எந்த ஊர்க்காரரோ, பாதிப் பெயரை மட்டும் தனக்குத் தோன்றிய எழுத்தில் எழுதிவிட்டார். ஆதாரில் முழுப் பெயரும் 'அம்மாள்' ஒட்டும் இருக்கிறது. வங்கிக் கணக்கில் மூன்றாவதாக ஒரு எழுத்து. பிறந்த தேதி இன்னும் மோசம். படைக் காகிதத்தில் 1959. ஆதாரில் 1963 ஜனவரி 1. ஆதார் எடுக்க வந்தவர்கள் தேதி தெரியாத கிழவிகளுக்கெல்லாம் ஜனவரி 1 என்று போட்டுவிட்டுப் போனார்கள், எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு ஒரே நாளில்தான் பிறந்தநாள்.

"நாலு வயசு கொறஞ்சா நல்லதுதானல" என்று பெரியம்மா சிரித்தாள். அந்த வாரம் அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான். ஆனால் அதிலும் பணம் இருக்கிறது. குடும்பப் பென்ஷன் வாங்குகிறவருக்கு 80 வயது ஆனால் 20 சதவீதம் கூட்டிக் கொடுப்பார்கள், 85-ல் 30, 90-ல் 40, 95-ல் 50. நூறு வயது வாழ்ந்தால் இரண்டு மடங்கு. நாலு வயதைத் தப்பாகக் குறைத்துக்கொண்டால் அத்தனையும் நாலு வருஷம் தள்ளிப் போகும்.

கடைசியில் கைகொடுத்தது அவள் படித்த ஆரம்பப் பள்ளிக்கூடம். மூன்றாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனாலும் சேர்க்கைப் பதிவேட்டில் பெயர் இருந்தது. தலைமையாசிரியை தூசியைத் தட்டித் தேடி எடுத்தார். 1959. அதை வைத்து ஆதாரைத் திருத்தி, ஆதாரை வைத்து வங்கிக் கணக்கைத் திருத்தி, இந்த மூன்று பெயரும் ஒரே ஆள்தான் என்று நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம் வாங்கி, ஆவணக் காப்பகத்துக்கு அனுப்பினோம். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் ஒரு நல அமைப்பாளர், அவரும் ரிட்டயர்டு பட்டாளத்துக்காரர்தான், எந்தத் தாளுக்கு மேல் எந்தத் தாளை வைக்க வேண்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். இந்த வேலை அத்தனையும் பெரியப்பா உயிரோடு இருக்கும்போது அவர் ஒரு கையெழுத்துப் போட்டிருந்தால் நடந்திருக்கும். மனைவி பெயரையும் பிறந்த தேதியையும் திருத்தும் விண்ணப்பத்தைப் படைவீரரே கொடுப்பது வேறு, அவர் போன பிறகு வேட்டியும் சேலையுமாக நாம் போய் நிற்பது வேறு.

குடும்பப் பென்ஷன் எவ்வளவு என்பதில் எல்லாருக்கும் ஒரு குழப்பம் இருக்கிறது. பாதி வரும் என்பார் ஒருவர், முழுதும் வரும் என்பார் இன்னொருவர். எப்படி இறந்தார் என்பதைப் பொறுத்தது அது. சண்டையில் இறந்தவர் மனைவிக்குக் கடைசியாக வாங்கிய சம்பளம் அளவுக்கே. பணியின் காரணமாக இறந்தால் 60 சதவீதம். மற்றபடி எங்கள் பெரியப்பா மாதிரி ஊரில் வந்து இறப்பவர்கள் வீட்டுக்கு 30 சதவீதம். பென்ஷன் என்பது சம்பளத்தில் பாதி, ஆக அவர் 100 ரூபாய் வாங்கியிருந்தால் அவளுக்கு 60. ரிட்டயர் ஆனவர் 67 வயதுக்குள் இறந்துவிட்டால் மட்டும், 7 வருஷமோ அவருக்கு 67 ஆகும் நாளோ, எது முந்தியோ அதுவரை கூடுதல் விகிதத்தில், அதாவது 50 சதவீதமாக வரும். பெரியப்பாவுக்கு வயது 70. அந்தக் கணக்கில் நாங்கள் இல்லை. ஒரே பதவி ஒரே பென்ஷன் திட்டத்தில் 5 வருஷத்துக்கு ஒருமுறை கூட்டுவது குடும்பப் பென்ஷனுக்கும் உண்டு என்பது ஒரு ஆறுதல்.

ஈமச்சடங்குக்கென்று ஒரு தொகை நல அலுவலகம் வழியாக உண்டு என்பதும் பிற்பாடுதான் தெரியும். பெரிய தொகை இல்லை, தேர் அலங்காரத்துக்கும் மேளத்துக்கும் கட்டும். ஆனால் கையில் காசு இல்லாத வீட்டுக்கு அந்த நேரத்தில் அது பெரிய தொகைதான். அதைவிட முக்கியம், அந்த விண்ணப்பத்தைக் கொடுக்கப் போகும்போதுதான் மற்ற எல்லாவற்றையும் பற்றிச் சொல்வார்கள். பென்ஷனுக்கு வேண்டிய வருஷத்தை முடிக்காமல் இடையில் வந்துவிட்ட பட்டாளத்தார் நம் ஊர்களில் நிறைய. அவர்களில் ஹவில்தார் பதவிவரை இருந்து, பென்ஷன் இல்லாத, 65 வயது தாண்டியவர்களுக்கும் அவர்கள் மனைவியருக்கும் மத்திய படைவீரர் வாரியத்தில் இருந்து மாத உதவி உண்டு. மாதம் 4,000 ரூபாயாக இருந்ததை 2025 நவம்பரில் இருந்து 8,000 ஆக்கியிருக்கிறார்கள். டிசம்பர் 7 அன்று பள்ளிக்கூடத்தில் சட்டையில் குத்திவிட்டுக் காசு வாங்கினார்களே, அந்தக் கொடிநாள் நிதிதான் இதற்கெல்லாம் ஊற்று. நான் அந்தக் கொடியை ஒரு தடவை ஐந்து ரூபாய் கொடுக்கச் சோம்பல்பட்டு வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

இன்ஷூரன்ஸ் பற்றிச் சுருக்கமாக. ராணுவக் குழுக் காப்பீடு ரிட்டயர் ஆன பிறகும் ஒரு காலம்வரை நீளும், ரிட்டயர் ஆகும்போது அதற்குப் பணம் கட்டியிருந்தால். டிஸ்சார்ஜ் தாள்களோடு அந்தச் சான்றிதழ் இருக்கிறதா பாருங்கள். வங்கிகளில் படைவீரர்களுக்கான கணக்கில் விபத்துக் காப்பீடும் சேர்ந்தே வரும், ஆனால் விபத்தாக இருக்க வேண்டும், கேட்பதற்குக் காலக்கெடுவும் உண்டு. எங்களுக்கு இரண்டும் பொருந்தவில்லை. மருத்துவ அட்டையும் கேண்டீன் அட்டையும் மனைவி பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம். பெரியம்மாவுக்குப் பிரஷர் மாத்திரை ஈசிஎச்எஸ்ஸில்தான்.

இனி அக்கா விஷயம். இதை எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன். "எழுது, நாலு பேருக்குத் தெரியட்டும்" என்றாள்.

அக்கா புருஷனோடு வாழாமல் அம்மா வீட்டுக்கு வந்து 11 வருஷம் ஆகிறது. கோர்ட்டுக்குப் போகவில்லை. போனால் அசிங்கம் என்பது பெரியப்பாவின் கட்சி. அவரும் பேச மாட்டார், மற்றவர்களையும் பேச விட மாட்டார். பெரியம்மாவுக்குப் பிறகு குடும்பப் பென்ஷன் அக்காவுக்கு வருமா என்று நல அமைப்பாளரிடம் கேட்டேன். மகள் 25 வயது தாண்டியிருந்தாலும், விதவையானாலும் விவாகரத்து ஆனவளானாலும் கல்யாணமே ஆகாதவளானாலும், சொந்த வருமானம் ஒரு வரம்புக்குக் கீழே இருந்தால் கிடைக்கும். ஆனால் விவாகரத்து என்றால் தீர்ப்பு வேண்டும். அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருக்கும்போதே வழக்காவது போட்டிருக்க வேண்டும். பிரிந்து வந்து இருக்கிறேன் என்பது செல்லாது. அம்மா போன பிறகு வழக்குப் போட்டாலும் செல்லாது.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது பெரியம்மா பீடித் தட்டை மடியில் வைத்து இலையை நறுக்கிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. "அப்ப நான் இருக்கயிலயே போட்டுறணும், அப்படித்தான?" என்றாள். அவ்வளவு நாள் அசிங்கம் அசிங்கம் என்று மூடி வைத்த பேச்சு, இரண்டு பீடி சுற்றும் நேரத்தில் முடிந்தது. அம்பாசமுத்திரத்தில் வக்கீலைப் பார்த்துவிட்டோம்.

இதற்கு நேர்மாறான ஒரு வீட்டையும் பார்த்திருக்கிறேன். பாளையங்கோட்டையில் என் கூட வேலை பார்க்கிறவரின் அப்பாவும் பட்டாளம்தான். அவர்கள் சிஎஸ்ஐ சபை. அவர் சாவதற்கு இரண்டு வருஷம் முன்பே 40 பக்க நோட்டு ஒன்றில் முதல் பக்கத்தில் 'என் அடக்கம்' என்று தலைப்புப் போட்டு எழுதி வைத்திருந்தார். எந்தப் பாட்டு பாட வேண்டும், கல்லறைத் தோட்டத்தில் யார் பக்கத்தில் இடம், கல்லில் பெயருக்குக் கீழே படை எண்ணும் பொறிக்க வேண்டும். இரண்டாம் பக்கத்தில் இருந்து பென்ஷன். யாருக்குப் போன் பண்ண வேண்டும், எந்தத் தாள் எந்த உறையில், மனைவி பெயர் எல்லாத் தாளிலும் ஒன்றாக இருக்கிறது என்று டிக் வேறு. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு மனைவியை உட்கார வைத்து வாசிக்கச் சொல்வாராம். அந்த அம்மா, "சாவதற்குப் பரீட்சை வைக்கிற ஆளை நான் இப்போதுதான் பார்க்கிறேன்" என்று திட்டிக்கொண்டே வாசிப்பார்களாம். அவர் இறந்து இரண்டாம் மாதமே குடும்பப் பென்ஷன் வந்துவிட்டது. எங்களுக்கு ஜூலை கடைசி ஆயிற்று, நிலுவையோடு சேர்த்து.

நம் ஊரில் வயசானவர் முன்னால் சாவுப் பேச்சை எடுத்தால் "எப்படா போவான்னு பாக்கியா" என்று கேட்டுவிடுவார்கள். அந்தப் பயத்தில்தான் நானும் பெரியப்பாவிடம் கேட்டதில்லை. ஒரு பொங்கலுக்கு அவரே, "பெட்டில ஒரு காயிதம் காட்டணும்ல ஒனக்கு" என்று ஆரம்பித்தார். "அதுக்கு என்ன பெரியப்பா இப்ப அவசரம்" என்றேன். அப்படிச் சொல்வதுதான் மரியாதை என்று நினைத்தேன். என்ன காகிதம் என்று இன்றுவரை தெரியாது.

நவம்பரில் பெரியம்மா வாழ்வுச் சான்று கொடுக்க வேண்டியிருந்தது. இனி வருஷா வருஷம் அவள் உயிரோடு இருப்பதை அவளே நிரூபிக்க வேண்டும். முக்கூடலில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குக் கூட்டிப் போனேன். விரலைக் கருவியில் வைத்தாள், ஏற்கவில்லை. கட்டை விரல், ஆள்காட்டி விரல், இடது கை, வலது கை, எல்லாம் பார்த்தாயிற்று. எண்ணெய் தடவித் துடைத்தும் பார்த்தாயிற்று. நாற்பது வருஷம் ஒரு நாளைக்கு ஆயிரம் பீடி என்று சுற்றியதில் ரேகை தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டது. கடைக்காரத் தம்பிக்கு இது பழக்கம். "பீடிக் கையா ஆச்சி? அப்ப மூஞ்சிலதான் எடுக்கணும்" என்று போனை எடுத்தான். முகத்தைப் பார்த்துச் சரிபார்க்கும் முறை 2021-ல் இருந்து இருக்கிறது.

பெரியம்மா முந்தானையைச் சரி பண்ணிக்கொண்டு, போட்டோ எடுக்கப்போகிறார்கள் என்ற மாதிரி விறைப்பாக உட்கார்ந்தாள். இடுப்பில் சுருக்குப் பை, அதில் பித்தளைச் சாவி.

"கண்ணச் சிமிட்டுங்க ஆச்சி."

அவள் சிமிட்டவில்லை. போட்டோவுக்கு நிற்கும்போது கண்ணைச் சிமிட்டக் கூடாது என்று பெரியப்பா சொல்லியிருக்கிறாராம். மூன்றாவது தடவை நான் பக்கத்தில் குனிந்து, "பெரியம்மா, சிமிட்டினாத்தான் இருக்கீகன்னு அவனுக்குத் தெரியும்" என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, போனைப் பார்த்து, இரண்டு கண்ணையும் இறுக்க மூடித் திறந்தாள்.